உடையாத இடைவெளி

காலை ஏழுக்கு முருகையன் போன் பண்ணினான்:
"திரையில ஆளுக்குப் பதிலா என்னமோ வருது, வந்து பாரு."
பத்து லான்சாங் மண்டபத்துக்குத் திரை மாட்டியவன் நான்.
பெயர், வயது, வீட்டார் எழுதித் தருவதில்
முதல் இருபது சொல்.
அவ்வளவுதான் அதற்குக் கொடுத்த வேலை.

நீலக் கூடாரம். தண்ணீர்க் கப்புகள். ஊதுவத்தி.
சன்னாசி த/பெ கோவிந்தன், எழுபத்து நான்கு.
அதன் கீழே
கோணல் குறி, ஸ்பான், ஸ்டைல், சமக்குறி,
பிறகு என்பிஎஸ்பி, அரைப்புள்ளி, என்பிஎஸ்பி, அரைப்புள்ளி,
விளிம்பில் இடித்து நிற்கும்வரை.

பக்கத்து வீட்டு சூன் ஹுவாட் அதைத் தமிழ் என்று நினைத்து
கைகட்டி, மரியாதையாக, கடைசிவரை பார்த்தார்.
தமிழர்கள் அதை நகராண்மைக் கழக அறிவிப்பு என்று விட்டுவிட்டார்கள்.
ஒருவர் மட்டும் வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு கேட்டார்:
"ஆஸ்பத்திரி பில்லையும் இதுலயே போடறானுங்களா?"

சமையல்கட்டில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில்
மடிக்கணினியைத் திறந்தேன்.
மகள் அனுப்பியது. மனோரஞ்சினி.
இரவு இரண்டு பத்துக்கு ஒருமுறை சேமித்திருக்கிறாள்.
இரண்டு நாற்பது. மூன்று இருபத்தைந்து. நாலாக ஐந்து நிமிடம்.
கறுப்பு, கருநீலம், மறுபடி கறுப்பு.
வரியை நடுவில் வைக்க ஒரு பொத்தான் இருப்பது தெரியாமல்
இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி
அப்பாவை நடுவுக்குத் தள்ளியிருக்கிறாள்.

எங்கள் தொழிலில் அதற்கு
உடையாத இடைவெளி என்று பெயர்.
வரி தீர்ந்தாலும் மடங்காது.
இயந்திரம் ஒவ்வொன்றையும் ஒரு சொல் என்று எண்ணி
இருபதானதும் நிறுத்திவிட்டது.
அவர் தொடங்கவே இல்லை.

சுலபம்தான். குறிகளை உரித்துவிடு என்று ஒரே ஒரு கட்டளை.
தடித்ததும் சாய்ந்ததும் நிறமும் போய்
வெறும் எழுத்து நிற்கும்.
விரலை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
நிறம்: வெள்ளை.
வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து.
அழிக்க மனமில்லாதவர்கள் செய்வது.

"முப்பத்தோரு ஆண்டு ஃபெர்ரியில் கயிறு போட்டவர்.
யாரிடமும் கடன் வைக்காதவர்.
மழை வருவதைக் காற்றிலேயே சொல்லிவிடுவார்."
இது கறுப்பு.
"அப்பா, நான் வந்த படகுக்கும் கயிறு போட்டீர்கள்.
நிமிர்ந்து பார்க்கவில்லை."
இது வெள்ளை.

உரித்தால் வெள்ளையும் உரியும்.
கூடாரத்தில் நூறு பேர்.
பன்னிரண்டு சொல் கறுப்பு, எட்டு வெள்ளை,
கூட்டினால், பாவி, சரியாக இருபது.

முருகையன் எட்டிப் பார்த்தான். "ஆச்சா?"
கோப்பி ஓ பையின் ராஃபியா கயிற்றை
சுட்டு விரலில் சுற்றிக்கொண்டு
இன்னொரு முறை எண்ணினேன். தப்பாகக் கூடாது.
இருபது இருந்த இடத்தில்
பன்னிரண்டு என்று மாற்றினேன்.

பதினொன்றுக்கு எடுத்தார்கள்.
அதற்கு முன் அவள் வந்து திரையடியில் நின்றாள்,
சிவந்த கண், தலையில் இன்னும் ஈரம்.
உதடு அசைய வாசித்து, முற்றுப்புள்ளியில் நின்று,
"மிச்சம் வராதாண்ணே?"
"இடம் பத்தாதும்மா."
திரையில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.
இரண்டு பேருமே பார்த்தோம்.
"சரி" என்றாள்.

அங்கே கடலும் இல்லை, காற்றும் இல்லை.
சூன் ஹுவாட் மட்டும் மறுபடி வந்து
இப்போது நிஜமாகவே தமிழில் இருந்ததன் முன்
முதலில் நின்ற அதே மரியாதையோடு நின்றார்.

எண்பது வெள்ளிக்கு ரசீது.
'பழுது' என்ற கட்டத்தில்
'சொல் எண்ணிக்கை' என்று எழுதினேன்.
'சரிசெய்தது' என்ற கட்டத்தை
முருகையன் கேட்கும்வரை
எழுதாமல் வைத்திருந்தேன்.